எதெல்மிரா வீட்டு முதல் மழை

பெரால்கோ ஊரில் எதெல்மிரா ஒன்று சொல்லிவிட்டாள் என்றால், அதை மாற்ற அவளாலேயே முடியாது. வீம்பு அப்படி. அவள் சொல்லி வைத்திருந்தவற்றில் தலையாயது, பூசணிக்காயை மாவில் பிசைந்து எண்ணெயில் பொரிக்கும் சோப்பைப்பியா விஷயம். இலையுதிர்காலத்தின் முதல் மழை தகரக் கூரையில் விழ வேண்டும், அந்தச் சத்தம் அவள் காதில் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறும்.

“மழைக்கு முந்திப் பொரிச்சா அதுக்குப் பேரு சோப்பைப்பியாவா? பூசணிக்காய மாவுல போட்டுக் கொலை பண்றது” என்பாள்.

அவள் கணவர் பால்தோமேரோ வீட்டு முன்னறையில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். பஞ்சர் ஒட்டும்போது விசில் அடிப்பார். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் எதற்காக உயிர் வாழ்கிறாய் என்று யாராவது அவரைக் கேட்டால், தயங்காமல் சொல்லிவிடுவார். வெளியே மழை கொட்ட வேண்டும். விறகடுப்புப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆரஞ்சுத் தோலும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய வெல்லப்பாகில் ஊறி, பஞ்சாய் உப்பிக் கிடக்கும் சோப்பைப்பியாவைத் தட்டோடு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். சொர்க்கத்தைப் பற்றிப் பாதிரியார் பேசும்போதெல்லாம் அவர் மனதில் வந்து நிற்பது இந்தத் தட்டுதான்.

பூமியின் தென்பாதியில் இருக்கும் அந்த ஊருக்கு இலையுதிர்காலமே ஏப்ரலில்தான். அந்த வருஷம் ஏப்ரல் முடியப் போகிறது, மழையைக் காணோம். மற்றதெல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. பாப்ளர் மரங்கள் மஞ்சளாகி வாய்க்கால் நிறைய இலையைக் கொட்டின. திராட்சை அறுவடை முடிந்து, புதுச் சாறு பீப்பாய்களில் நுரைத்தது. காலையில் வாயைத் திறந்தால் புகை வந்தது. பால்தோமேரோ எதையும் விடவில்லை. கல்லுப் போலிருக்கும் மெம்பிரியோ பழத்தைச் சுவரில் நாலு மொத்து மொத்தி, உப்பைத் தொட்டுக்கொண்டு சாறு ஒழுகக் கடித்தார். அடுப்புத் தகட்டில் கஷ்கொட்டை சுட்டு, விரல் பொசுங்க உரித்தார். யாரும் பார்க்காத நேரத்தில் வாய்க்கால் ஓரத்து இலைக்குவியலுக்குள் இறங்கி, சரசரவென்று அந்தக் கோடிவரை நடந்துவிட்டுத் திரும்பியும் நடந்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பந்தியில் ஊறுகாய் முதல் பாயாசம் வரை வந்தும், சோறு மட்டும் வராதவனைப் போல உள்ளுக்குள் ஒரு தவிப்பு.

கூரையில் வெயில் காய வைத்திருந்த பூசணிக்காய்கள் வேறு. சாம்பல் பூத்து, கொழுத்து, வரிசையாக உட்கார்ந்திருந்தன. தினமும் காலையில் அவர் அவற்றை அண்ணாந்து பார்ப்பார். அவையும் அவரைப் பார்ப்பது போலிருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

“ஏ கிழவி, ஒரே ஒரு தடவை. ரெண்டே ரெண்டு போட்டுக் குடேன்.”

“மழை பெஞ்சுதா?”

“நேத்து ராத்திரி பனி நல்லாப் பெஞ்சுது.”

“கூரைல சத்தம் கேட்டுச்சா?”

“லேசா முனகிச்சு.”

“அது நீதான். தூக்கத்துல.”

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு க்ளோரிந்தா, போன வருஷம் மழைக்கு முந்தியே சோப்பைப்பியா பொரித்துவிட்டாள். எதெல்மிரா சும்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே கோவில் வாசலில் நிற்கும்போது, “வானம் இன்னும் வாயத் தொறக்கல, அதுக்குள்ள நீ சட்டியத் தொறந்துட்டியே க்ளோரிந்தா, உனக்கு வெக்கமே இல்லையா?” என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து க்ளோரிந்தா மூக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். எதெல்மிரா வீட்டிலிருந்து மழையில்லாத ஒரு நாளில் ஒரு பொட்டு எண்ணெய் வாசனை வந்தால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசல் அவளுடையது.

ஆக, எதெல்மிரா இளகுவாள் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. இளக வேண்டியது வானம்தான். அது இளகவில்லை.

இந்த நிலையில்தான் நிபால்தோ வந்து சேர்ந்தான். எதெல்மிராவின் தம்பி. மரம் அறுக்கும் பட்டறையில் வேலை. சனிக்கிழமைகளில் ஊர்த் தீயணைப்புப் படையில் தொண்டு. பெரால்கோவில் தீ என்பது எப்போதாவது வருவது. ஆனால் நிபால்தோவின் யோசனைகள் அடிக்கடி வரும், தீயைவிடச் சேதம் அதிகம்.

“மச்சான்,” என்றான், கடையில் கவிழ்த்துப் போட்டிருந்த சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிவிட்டபடி. “அக்கா என்ன சொல்லிருக்கு? மழை பாக்கணும்னா சொல்லிருக்கு?”

“சத்தம் கேக்கணும்னு சொல்லிருக்கா.”

“அப்ப சத்தம்தான வேணும்? அதுக்கு மேகம் எதுக்கு?”

பால்தோமேரோ கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். இவ்வளவு நாள் இது தனக்குத் தோன்றவில்லையே என்று அவருக்குத் தன் மீதே கோபம் வந்தது.

முதல் முயற்சி தோட்டத்துக் குழாயால் நடந்தது. எதெல்மிரா சமையலறையில் இருக்கும்போது, நிபால்தோ வீட்டுக்குப் பின்னால் நின்று ரப்பர் குழாயைக் கூரைமேல் பிடித்தான். நீரோட்டம் மெலிந்து, ஒரே இடத்தில் சர்ர்ர் என்று விழுந்து, நின்று, மறுபடி விழுந்தது. உள்ளே எதெல்மிரா தலையைத் தூக்கினாள். பால்தோமேரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, “மழையோ?” என்றார்.

“மழையா? எவன்டா அது கூரை மேல நாய ஏத்தி விட்டது?” என்று கத்திக்கொண்டே துடைப்பத்தோடு வெளியே ஓடினாள்.

நிபால்தோ குழாயும் கையுமாக நின்றான்.

“என்னடா பண்ற?”

“பூசணிக்காயக் கழுவுறேன்க்கா. தூசி.”

“குளிக்காதவன் பூசணிக்காயக் குளிப்பாட்டுறானாம். போடா அங்குட்டு.”

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் தோற்ற மனிதர்கள் இருவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து புதுச் சாறு குடித்தால் பேச்சு அத்தோடு நிற்குமா? “தண்ணி பத்தல மச்சான். அதான் விஷயம்” என்றான் நிபால்தோ. “இதுக்கெல்லாம் பெரிய குழாய் வேணும்.” சொல்லிவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தீயணைப்புப் படையின் கேப்டன் எவரிஸ்தோ கறாரான மனிதர். மீசையைக்கூட விதிப்படிதான் வெட்டுவார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது.

“ஊர் வண்டிய உங்க வீட்டுப் பலகாரத்துக்கு அனுப்பணுமா? என்னய்யா நெனச்சிட்டு இருக்கீங்க?”

“கேப்டன் ஐயா, படை மொத்தத்துக்கும் உண்டு” என்றார் பால்தோமேரோ பணிவாக.

கேப்டன் குரலைத் தாழ்த்தினார்.

“வெறும் சோப்பைப்பியாவா, பாகுல ஊறினதா?”

“பாகுல ஊறினது.”

“ஆரஞ்சுத் தோல் போட்டா?”

“தோல் போட்டு, பட்டை போட்டு.”

கேப்டன் மீசையைத் தடவினார். “எப்படியும் சனிக்கிழமை பயிற்சி செஞ்சுதான் ஆகணும். தகரக் கூரையக் குளிர்விக்கிற பயிற்சி நம்ம பசங்களுக்குப் போதாதுதான்” என்றார்.

சனிக்கிழமை மதியம் பளீரென்று வெயில் அடித்தது. மருந்துக்கும் மேகம் இல்லை. பால்தோமேரோ சாப்பாடு முடிந்த கையோடு சமையலறை ஜன்னல்களின் மரக்கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

“எதுக்கு இருட்டாக்குற?”

“மூட்டம் போட்டிருக்கு. பெருசா ஏதோ வருது. சாரல் அடிக்கும்.”

“காலைல துளிகூட மூட்டம் இல்லையே?”

“திடீர்னு வந்துருச்சு. கடல் பக்கத்துலேருந்து.”

எதெல்மிரா எழுந்து பார்க்கப் போனாள். அந்த நேரம் பார்த்துப் பின்தெருவில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. வண்டியோட்டிக்குப் பழக்க தோஷம். கை தானாகப் போய்ச் சங்கை ஊதிவிட்டது.

“அது என்ன சத்தம்?”

“இடி.”

“இடி ஏன்யா இம்புட்டு நேரம் ஊளையிடுது?”

“தூரத்து இடி. வர்ற வழியெல்லாம் கத்திட்டே வரும்.”

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இந்த முறை நிபால்தோ சொன்னது சரி. தகரம் முழுக்க ஒரே இரைச்சல். படபடவென்று தொடங்கி, சோவென்று பெருகி, தாழ்வாரத்தில் ஒழுகி, பீப்பாய்க்குள் கொட்டியது. விறகடுப்பின் வெளிச்சத்தில் அந்தச் சின்ன அறை சட்டென்று குளிர்காலத்து அறையாகிவிட்டது.

எதெல்மிரா அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாகச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். முகம் மலர்ந்தது.

“கேக்குதா கிழவா? வந்துருச்சுய்யா. எத்தன நாள் காக்க வச்சுது பாரு.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். பால்தோமேரோவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. அவள் கண்ணில் நீர் கோத்திருப்பதைப் பார்த்ததும் உறுத்தல் அதிகமாயிற்று. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் வாயெடுத்தார். அதற்குள் அவள், “மத்தியானம் அவிச்ச பூசணி சட்டில மிச்சம் இருக்கு. மாவ எடு” என்றாள். மனசாட்சி அத்தோடு வாயை மூடிக்கொண்டது.

பிறகு எதெல்மிரா வேகமாக இயங்கினாள். மாவு பிசைந்தாள், தேய்த்தாள், டப்பா மூடியைக் கவிழ்த்து வட்டம் வெட்ட நேரமில்லை என்று கையாலேயே தட்டினாள். ஒரு பக்கம் பாகு கொதித்தது. மறுபக்கம் எண்ணெயில் முதல் ஈடு விழுந்து, சுர்ரென்று உப்பி, பொன்னிறமாகப் புரண்டது. வேலைக்கு நடுவே பழைய பாட்டு ஒன்றைத் தப்பும் தவறுமாக முணுமுணுத்தாள். நடுநடுவே மழை நின்றது. வண்டித் தொட்டி காலியாகி, வாய்க்காலிலிருந்து தண்ணீர் ஏற்றினார்கள். “விட்டு விட்டுப் பெய்யுது” என்றார் பால்தோமேரோ. “நல்ல மழைக்கு அதான் அழகு” என்றாள் அவள்.

கெட்டது ஆர்வக்கோளாறால். எண்ணெய் வாசனை பின்பக்கம் எட்டியதும் குழாயைப் பிடித்திருந்தவர்களுக்குக் கை பரபரத்தது. சீக்கிரம் முடியட்டும் என்று ஒருவன் குழாயின் வால்வை முழுக்கத் திருகிவிட்டான். தண்ணீர் பீறிட்டுப் போய்க் கூரைக் கோடியில் உட்கார்ந்திருந்த மிகப் பெரிய பூசணிக்காயின் முதுகில் மோதியது. அது ஆடியது, யோசித்தது, பிறகு புறப்பட்டது. தடால் தடால் என்று தகரத்தில் உருண்டு, வேலியைத் தாண்டி, க்ளோரிந்தா துணி ஊற வைத்திருந்த தொட்டிக்குள் பொத்தென்று விழுந்தது. தொட்டி நுரை மொத்தமும் பக்கத்தில் நின்ற க்ளோரிந்தா மேல்.

“இது கொஞ்சம் பக்கத்து இடி” என்று உள்ளே பால்தோமேரோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசல் கதவு இடிபட்டது.

க்ளோரிந்தா நின்றாள். உச்சியிலிருந்து சோப்பு நுரை வழிந்தது. இடுப்பில் குழந்தையைப் போலப் பூசணிக்காய்.

“உள்ள வா, மழைல நனைஞ்சு நிக்கிறியே” என்றாள் எதெல்மிரா, உண்மையான கரிசனத்தோடு.

“மழையா? எந்த மழை? என் போர்வையெல்லாம் வெயில்ல மொறுமொறுன்னு காஞ்சு கெடக்கு! நீ சட்டி வச்சிருக்கியா? மழை வராமயே சட்டி வச்சிட்டியா?”

“காது போச்சா உனக்கு? கூரையக் கேளு!”

“கண்ணு போச்சா உனக்கு? வெளில வந்து பாரு!”

எதெல்மிரா சல்லிக்கரண்டியோடு வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அங்கே செக்கச்செவேலென்று தீயணைப்பு வண்டி. அதன் முன்னால் தலைக்கவசம் அணிந்த தொண்டர்கள். நடுவில் குழாயோடு அவள் தம்பி. அவளைப் பார்த்ததும் கேப்டன் எவரிஸ்தோ என்ன செய்வதென்று தெரியாமல் சல்யூட் அடித்தார். குழாயை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கூரையில் சோவென்று மழை பெய்துகொண்டிருந்தது.

பால்தோமேரோ பின்னாலேயே வந்து நின்றார். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. பிளக்கவில்லை.

க்ளோரிந்தா எல்லாவற்றையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். மெல்ல மெல்ல அவள் முகத்தில் ஒரு சிரிப்பு விரிந்தது. “நாளைக்கு ஞாயித்துக்கிழமைல்ல?” என்றாள்.

எதெல்மிரா கணவர் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் அவர் காது மடல்கூடச் சுருங்கியது. ஆனால் அவள் பேசியது க்ளோரிந்தாவிடம்தான்.

“க்ளோரிந்தா, தண்ணி மேலேருந்து விழுதா, கீழேருந்து வருதா?”

“மேலேருந்துதான். ஆனா குழா...”

“கூரைல விழுதா?”

“விழுது.”

“சத்தம் கேக்குதா?”

“கேக்குது, ஆனா...”

“அப்ப அது மழைதான். நான் என்ன சொன்னேன்? கூரைல தண்ணி விழற சத்தம் கேக்கணும்னேன். மேகத்தப் பத்தி எதாவது சொன்னேனா? எங்க வீட்டுக்குத் தனியா ஒரு மழை வரவழச்சிருக்கோம். உங்க வீட்டுக்கு வரலன்னா அதுக்கு நானா பொறுப்பு?”

க்ளோரிந்தா கூரையைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். இதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை. அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே, “வந்ததுதான் வந்த, சூடா ரெண்டு சாப்பிடு. அந்தப் பிள்ளையக் கீழ இறக்கி வை” என்று பூசணிக்காயை வாங்கிக்கொண்டாள் எதெல்மிரா. படையினர் பக்கம் திரும்பி, “நீங்களும் உக்காருங்க. உழைச்சிருக்கீங்க” என்றாள்.

தொண்டர்கள் கும்பிடாத குறையாக வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். பால்தோமேரோவும் ஓரமாக ஒரு முக்காலியை இழுத்தார்.

“நீ இல்ல” என்றாள் எதெல்மிரா. குரல் மெல்லியதாக, இனிமையாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. “நீ ஏணிய எடு. பூவாளிய எடு. கூரைக்குப் போ.”

“எதுக்கு?”

“வண்டிக்காரங்க சாப்பிட வந்துட்டாங்க. மழை நின்னுருச்சு. மழை இல்லாம நான் எப்படிய்யா பொரிப்பேன்? எனக்குன்னு ஒரு கொள்கை இருக்குல்ல.”

பால்தோமேரோ ஏறினார். கூரை உச்சியில் கால்களை அகட்டி உட்கார்ந்து, பூவாளியால் தகரத்தில் தண்ணீர் ஊற்றினார். கீழே முற்றத்தில் தட்டுகள் கைமாறின. ஊறிய சோப்பைப்பியாவின் ஆவி நேரே மேலே எழுந்து அவர் மூக்கில் நின்றது. கேப்டன் மீசையிலிருந்து பாகு சொட்டியது. க்ளோரிந்தா ஒன்றும் பேசாமல் தின்றுகொண்டிருந்தாள். பேசினால் வாய்க்கு நேரம் வீண்.

“கிழவி,” என்று கூரையிலிருந்து ஈனசுவரத்தில் ஒரு குரல் வந்தது. “எனக்கு ஒண்ணே ஒண்ணு...”

“மேகம் எங்கயாவது சாப்பிட்டுப் பாத்திருக்கியா?”

கொஞ்சம் கை ஓய்ந்தால் உடனே கீழிருந்து, “மழை விட்டுருச்சு போலருக்கே, அடுப்ப அணைக்கட்டுமா?” என்று கேட்பாள். அவ்வளவுதான், படை மொத்தமும் ஒரே குரலில் “மழை! மழை!” என்று கத்தும். எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் நிபால்தோ. அதுவும் வாய் நிறைய வைத்துக்கொண்டு.

“துரோகி,” என்றார் பால்தோமேரோ மேலேயிருந்து.

“என்ன மச்சான் பண்றது, பசி” என்றான் அவன். பூவாளி காலியானபோதெல்லாம் வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவன்தான்.

அவர் இறங்கி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வண்டி போய்விட்டது. சட்டியில் ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஒரு தும்மல் தும்மினார்.

மறுநாள் காய்ச்சல். மூக்கும் அடைத்துக்கொண்டது. எதெல்மிரா பூசைக்குப் போய்விட்டு வந்து (கோவில் வாசலில் க்ளோரிந்தா வாயே திறக்கவில்லை, எப்படித் திறப்பாள், தின்றவள் ஆயிற்றே) அவர் நெஞ்சில் தைலம் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

“ஆ... வலிக்குது.”

“வலிக்கட்டும்.” இன்னும் கொஞ்சம் தைலம் எடுத்துத் தேய்த்தாள். “நெசமாவே மழைன்னு நெனச்சேன்யா. எம்புட்டு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? பைத்தியக்காரி மாதிரி சிலுவை வேற போட்டுக்கிட்டேன், தீயணைப்பு வண்டிக்கு.”

பால்தோமேரோவுக்குத் தலை நிமிரவில்லை. “நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன்” என்றார் அடைத்த குரலில். “நீ கையப் பிடிச்சப்ப நானே மழைன்னு நம்பிட்டேன்.”

அவள் கை நின்றது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. “தூரத்து இடியாம்,” என்று தொடங்கி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “வர்ற வழியெல்லாம் கத்திட்டே வருமாம்!” அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் தும்மலாகி, கடைசியில் இன்னொரு முறை தைலம் தேய்க்க வேண்டியதாயிற்று.

அந்த வாரம் நடுவில் ஒரு பிற்பகலில் வடக்குக் காற்று வீசியது. வெளிச்சம் மங்கியது. பாப்ளர் மரங்கள் மிச்சமிருந்த இலைகளையும் ஒரேயடியாக உதறின. பிறகு தகரத்தில் ஒரு சொட்டு. இன்னொன்று. படுக்கையில் கிடந்த பால்தோமேரோ கையெடுத்து, “நான் இல்ல. சத்தியமா நான் இல்ல” என்றார்.

எதெல்மிரா வாசலுக்குப் போய் முகத்தை நீட்டி நனைத்துக்கொண்டு வந்தாள். “இது அசலு” என்றாள். அடுப்பு மூட்டினாள்.

சற்று நேரத்தில் தட்டு வந்தது. தலையணையைச் சுவரில் சாய்த்து அவரை உட்கார வைத்தாள். வெளியே மழை கொட்டியது. மடியில் தட்டு. எதற்காக உயிர் வாழ்ந்தாரோ அது இதோ கைக்குள் வந்துவிட்டது. ஆவலாக ஒரு வாய் கடித்தார். மென்றார். மூக்கு அடைத்திருந்ததால் ஒரு ருசியும் தெரியவில்லை. ஈரக் காகிதத்தைத் தின்பது போலிருந்தது. ஆனால் அவள் எதிரே நின்று முகத்தையே பார்க்கிறாளே!

“எப்படி?”

“அமிர்தம்.”

“பாகு?”

“தேன்தான் போ. பட்டை வாசம் தூக்குது.”

“பாகு இன்னும் அடுப்புல கொதிக்குதுய்யா. இது உனக்குக் கஞ்சிக்குப் பதிலா கோழி சூப்புல நனைச்சுக் குடுத்தது.”

அவர் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “பொய் சொல்றத நிறுத்தவே மாட்டியா?” என்றாள் அவள், இடுப்பில் கைவைத்து. பதில் சொல்ல அவர் வாயெடுத்தபோது நெற்றியில் டொக்கென்று ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்தார். இன்னொரு சொட்டு மூக்கில். குழாய்த் தண்ணீர் பீறிட்ட வேகத்தில் கூரை ஆணிகள் அங்கங்கே கிளம்பிவிட்டிருந்தன. எதெல்மிரா ஓடி ஓடிக் குண்டான், வாளி, அலுமினியக் கிண்ணம், கடையில் பஞ்சர் பார்க்கும் தொட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வரிசையாக வைத்தாள். வீடே பல சுருதியில் டிங் டொங் என்று வாசித்தது. கட்டிலுக்கு வைக்கப் பாத்திரம் மிஞ்சவில்லை. குடையை எடுத்து விரித்து, அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இந்த முறை தட்டில் பாகு ஊற்றியிருந்தது.

குடைக்குள் அவள் சூடாக ஒரு துண்டைப் பிட்டு அவர் வாயருகே கொண்டு வந்தாள். ஆவி மூக்கில் ஏறியது. பால்தோமேரோ கண்ணை மூடினார், முகத்தைக் கோணினார், கட்டில் அதிர ஒரு தும்மல் தும்மினார். குடை அந்தப் பக்கம் பறந்தது.

தும்மி முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முதலில் ஆரஞ்சுத் தோல் வந்தது. பின்னாலேயே பட்டை, வெந்த எண்ணெய், விறகுப் புகை, நனைந்த மண். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மூக்குக்குள் முண்டியடித்துக்கொண்டு வந்தன.

“கிழவி,” என்றார் நடுங்கும் குரலில், “தொறந்துருச்சு.”

“கதவா?”

“மூக்கு!”

எதெல்மிரா குடையைத் தேடிப் போகவில்லை. இருவர் தலையிலும் சொட்டுச் சொட்டாக மழை விழுந்தது. அவள் ஒன்று எடுத்தாள், அவர் ஒன்று எடுத்தார். பாகு முழங்கைவரை வழிந்தது. தட்டு காலியாகும்வரை அந்த அறையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.